அட்டையில் ஏறிய ஊர்

மேச்சேரியில் ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்து, நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டவள் கமலவேணி. தாலி கட்டியது என்னவோ காளியப்பன்தான். ஆனால் அவன் வாரத்தில் பாதி நாள் முட்டை லாரியோடு கேரளத்தில் கிடப்பதால், அவள் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளும் மறுத்ததில்லை. சேந்தமங்கலம் சாலையில், கொல்லிமலை முழுசாகத் தெரியும் ஒரு மேட்டில் இருக்கிறது அந்தப் பண்ணை. அங்கே முட்டை ரூமுக்கு அவள்தான் பொறுப்பு.

ஷெட்டிலிருந்து வரும் முட்டையில் கீறலையும் பொடிசையும் ஒதுக்க வேண்டும். நல்லதை அட்டையில் வைத்து, அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டி லாரிக்குக் கொடுக்க வேண்டும். அட்டை என்றால் காகிதக் கூழில் செய்த தட்டு, முப்பது குழி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கமலவேணியின் கை அந்தக் குழிகளைத் தேடிப் போய்விடும். ஒரு குழி காலியாகக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. ஓர் அட்டை அடுக்கில் சேராமல் தனியாக நின்றாலும் பொறுக்காது. வீட்டில் தோசையைக்கூட ஓரம் பிசகாமல் அடுக்குவாள் என்று காளியப்பன் சொல்வான். அவன் சொல்வதில் பாதி பொய்தான், ஆனால் இது அந்தப் பாதியில் சேராது.

பண்ணை ஆட்கள் தங்கும் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் சில இருந்தன. பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்றுதான் கமலவேணி வெகுநாள் நினைத்திருந்தாள். ஒருநாள் தீவனம் இறக்கிக்கொண்டிருந்த பைதர் என்ற ஆளிடம், பேச்சுவாக்கில், பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டுவைத்தாள். அவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஊர் இல்லை என்றான். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அவன் சொன்னதை அவள் கூட்டிக் குறைத்துப் புரிந்துகொண்டது இவ்வளவு. ஊரின் பெயர் கியாபாட்னா. கியா என்றால் அவர்கள் பேச்சில் தாழை. கடற்கரை முழுக்கத் தாழம்புதர். முதலில் கடல் அந்தப் புதரை எடுத்தது. பிறகு வயலை. கோயிலை இரண்டு முறை பின்னால் தள்ளிக் கட்டினார்கள், இரண்டு முறையும் கடல் தேடி வந்தது. கடைசியாகப் பள்ளிக்கூடம் போனது. சர்க்கார் வேறோர் இடத்தில் மனை தருவதாகச் சொல்லியிருக்கிறது, எப்போது என்றுதான் தெரியவில்லை.

சொல்லிவிட்டுச் செல்போனில் ஒரு படம் காட்டினான். சுற்றிலும் அலை. நடுவில் ஓர் அடிபம்பு மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் குடித்த பம்பு.

கமலவேணி கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறை, இராமேசுவரத்தில். அப்போதும் முழங்கால் நனையவிடாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அந்தப் படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடம் கடலுக்கடியில் இருக்கிறது, அதில் படித்த பிள்ளைகள் இந்தப் பண்ணையில் கோழிக்கு நடுவே ஓடி விளையாடுகிறார்கள் என்பது அவள் மனசில் அடங்கவில்லை. அன்றைக்கு ஓர் அட்டையை எண்ணாமல் கட்டிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைதரின் மகள் சஸ்மிதாவுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. வந்த புதிதில் அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். முதல் மாதம் வாயைத் திறக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் என்ன மாயம் நடந்ததோ, முட்டை ரூம் வாசலில் வந்து நின்றுகொண்டு, "ஏனுங்க்கா, உங்க ஊட்டு மாமா இன்னிக்கு வாராருங்களா?" என்று கேட்டது அந்தப் பெண். கமலவேணி கையிலிருந்த முட்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தான் பிறந்த மேச்சேரிப் பேச்சை விட்டு இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு முழுசாக வர அவளுக்கே இரண்டு வருடம் பிடித்தது. இந்தப் பொடிசு, ஒரு மழைக்குள் 'ங்க' போட்டுப் பேசுகிறது.

ஆனால் ஒரு கை நிறைய நிறைய மறு கை காலியாகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் ஊரிலிருந்து பைதரின் போனுக்கு ஓர் அறிவிப்பு வந்தது, மனை பற்றியது. அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதனால் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவே இல்லை. படிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பைதரின் முகம் செத்துப்போனது.

அவன் பயம் என்ன என்று பிறகுதான் கமலவேணிக்குத் தெரிந்தது. அவன் அண்ணன் குடும்பம் சூரத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பியபோது, அண்ணன் மகளுக்குத் தாய்மொழி எழுத்து மறந்திருந்தது. வளர்ந்த பெண்ணை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். அவள் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். சும்மா இருக்கிறவளை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று, மீசை முளைத்த எவனுக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மனை கிடைத்தால் பைதர் ஊர் திரும்ப வேண்டும். அன்றைக்குச் சஸ்மிதா ஆறாம் வகுப்பில் உட்காருவாளா, ஒன்றாம் வகுப்பில் உட்காருவாளா என்பதுதான் கேள்வி. இரண்டாவது நடந்தால் அவள் படிப்பு அத்தோடு சரி.

கமலவேணிக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை, அவள் சுபாவம் அப்படி. தன் போனில் ஒடியா எழுத்துச் சொல்லித்தரும் படம் தேடிப் போட்டுக்கொடுத்தாள். சஸ்மிதாவும் மற்ற லைன் வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு எழுத்து பார்த்தார்கள், மூன்றாவது எழுத்துக்கு முன்னால் பூனை எலியைத் துரத்தும் படத்துக்குத் தாவிவிட்டார்கள். அந்த வழி அங்கேயே அடைபட்டது.

வழி திறந்தது முட்டையில். எந்த ஷெட் முட்டை என்று தெரிவதற்காக, அடுக்குக்கு ஒரு முட்டையில் பென்சிலால் எண் போடுவது அந்தப் பண்ணை வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பனுக்காகக் காத்திருந்த சஸ்மிதா, அந்தப் பென்சிலை எடுத்து, ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொடி முட்டையில் என்னமோ கிறுக்கினாள். கமலவேணி எடுத்துப் பார்த்தாள். தலைக்கு முக்காடு போட்டாற்போல ஒரு வட்ட எழுத்து. இது என்ன அம்மிணி என்று கேட்டாள். "எங்க 'அ'ங்க" என்றாள் பெண்.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டானது. இளங்கோழிகள் முதன்முதலாக இடும் பொடி முட்டைகளை ஆட்களின் சமையலுக்கு விட்டுவிடுவார்கள். பைதர் தனக்கு நினைவிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அவற்றில் எழுதுவான். சாயங்காலம் லைன் பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்காரும். எழுத்தைச் சரியாகச் சொன்னவருக்கு அந்த முட்டை. முட்டைக்கு நடுவிலேயே கிடக்கிற பிள்ளைகளுக்கு முட்டைமேல் என்ன ஆசை என்று கேட்டால், ஜெயித்த முட்டைக்கு ருசி தனி. ஒரு மாதத்துக்குள் எல்லா எழுத்தும் வந்துவிட்டது. பிறகு, இரண்டு மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கூட்டெழுத்து வந்தது, பைதருக்கு வியர்த்தது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லித்தர அந்த மேட்டில் ஆள் இல்லை.

பாடம் அப்படி முட்டி நின்ற ஒரு சாயங்காலம், உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கமலவேணி சும்மா கேட்டாள். சஸ்மிதா ஒரு காலி அட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள். பொடி முட்டை ஒன்றில் தங்கள் எழுத்தில் ஒரு சொல் எழுதி, ஓரத்துக் குழியில் வைத்தாள். கோயில் என்றாள். அடுத்தது குளம். அடுத்தது பள்ளிக்கூடம், அதற்குப் பக்கத்தில் பம்பு. மற்றப் பிள்ளைகளும் வந்து குனிந்தன. எங்கள் வீடு இங்கே இல்லை, அங்கே என்று ஒருவன் சண்டை போட்டான். தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சஸ்மிதாவின் அம்மா குனி, ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். மகளை எழுதச் சொல்லி ஒரு முட்டையை வாங்கி, தங்கள் வீட்டு முட்டைக்கு முன்னால் வைத்தாள். அவள் தினமும் விளக்கேற்றிய துளசி மாடம் அது.

ஒரு வரிசையை மட்டும் காலியாக விட்டார்கள். கமலவேணிக்கு விரல் துறுதுறுத்தது. இதை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டாள். அது கடல் என்றாள் சஸ்மிதா.

எத்தனை அட்டை கமலவேணி கையால் போயிருக்கும், கணக்கு உண்டா? அதில் ஓர் ஊர் உட்காரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கடல் தின்றுவிட்டது என்று சொன்ன ஊர், வெள்ளை வெளேரென்று, தெருவும் குளமுமாக அவள் மேசைமேல் இருந்தது. அன்றைக்கு அந்த அட்டையை யாரையும் தொடவிடாமல் சுவரோரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தொட்டவள் அவளேதான். மறுநாள் விடிந்தும் விடியாமலும் திருச்சூர் லோடு. இரண்டு பெண்கள் வேலைக்கு வரவில்லை, காளியப்பன் வெளியே ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். தலைகால் புரியாத அவசரத்தில் அவள் கண்ணில் ஓர் அட்டை தனியாகத் தெரிந்தது, அதில் ஒரு வரிசை காலியாகவும் தெரிந்தது. மீதியைக் கைதான் பார்த்துக்கொண்டது. காலி வரிசையை நிரப்பி, அடுக்கின் உச்சியில் ஏற்றி, மேலே ஒரு வெற்று அட்டையைக் கவிழ்த்து, கயிறு கட்டிக் கொடுத்துவிட்டது. கடலைத் தூர்த்து ஊரையே லாரி ஏற்றிவிட்டோம் என்பது, லாரி போய்த் தூசி அடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடித்து அடித்துக் காளியப்பனைப் போனில் பிடித்தபோது அவன் பாலக்காடு தாண்டியிருந்தான். எந்த அடுக்கு என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் சஸ்மிதா வந்ததும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பெண் அழும், கத்தும் என்று எதிர்பார்த்தாள். அது காலியான சுவரோரத்தைத்தான் பார்த்தது.

"எங்க ஊரு எங்கீங்க போகுது?"

"திருச்சூருக்குச் சாமி."

"அங்க கடல் இருக்குதுங்களா?"

அங்கேயும் கடல் இருக்கிறது என்று கமலவேணிக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் காளியப்பனிடமிருந்து போன் வந்தது. திருச்சூரில் ஒரு கல்லூரி விடுதிக்கு முட்டை இறக்கிவிட்டு, அடுத்த கடைக்குப் போய் நின்றிருக்கிறான். விடுதிச் சமையல்காரன் ஒருவன் கையில் ஓர் அட்டையை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் ஓடிவந்து லாரிக்கு முன்னால் நிற்கிறானாம்.

"கோவமா இருக்கறானா அழுவறானான்னு ஒண்ணுமே புரியல, வேணி. வண்டிய எடுக்க உட மாட்டேங்கறான். அந்தப் புள்ளையக் கூப்பிடு."

பைதரும் சஸ்மிதாவும் ஓடிவந்தார்கள். போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் ஒடியாவில் மூச்சு விடாமல் பேசியது. பைதர் அவனிடம் ஏதோ கேட்டான், அதையே மறுபடியும் கேட்டான். சஸ்மிதா மட்டும் என்னமோ எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னவாம் என்று கமலவேணி கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பம்பு பள்ளிக்கூடத்துக்குத் தெக்கால இருந்துச்சுங்கறாருங்க்கா. நான் வடக்கால வெச்சுட்டனாமா."

அவன் பெயர் நடபர். கியாபாட்னாவுக்கு அடுத்த ஊர்க்காரன். அவன் ஊர் இன்னும் முன்னாலேயே கடலுக்குள் போய்விட்டது. சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் அவனும் படித்திருக்கிறான், அந்தப் பம்பில் தண்ணீர் குடித்திருக்கிறான். மத்தியானச் சமையலுக்கு முட்டை உடைக்க உட்கார்ந்தவன் மூடியைத் தூக்கியதும், உள்ளே தன் பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது. ஓரத்தில் எழுதாமல் ஒரு வரிசை முட்டை வெள்ளையாக இருந்ததே, அதைக் கடல் என்று பார்த்தவுடன் கண்டுகொண்டானாம். கமலவேணியின் கை செய்த தப்பு, அங்கே போய்க் கடலாகிவிட்டிருக்கிறது. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யாரைக் கேட்பது? கேரளத்துச் சமையல்கட்டுகளில் பாதியில் அந்தக் கடற்கரைக்காரர்கள்தான் இருக்கிறார்கள், நடக்கக்கூடியதுதான் என்று காளியப்பன் பிறகு அளந்து சொன்னான். அவனுக்கு எல்லாமே நடக்கக்கூடியதுதான்.

அந்த முட்டைகளை நடபர் உடைக்கவில்லை. கெட்டுப்போகும்வரை வைத்திருந்தான் என்று கேள்வி.

பள்ளிப் படிப்பை முடித்தவன் அவன். கூட்டெழுத்து அவனுக்கு அத்துப்படி. மறுவாரம் காளியப்பன் திரும்பியபோது லாரி கேபினில் ஒரு காலி அட்டை இருந்தது. குழிக்கு ஒரு சொல்லாக நடபர் எழுதியனுப்பியிருந்தான், எல்லாம் கூட்டெழுத்துச் சொற்கள். வெளியே போய்வந்த அட்டை பண்ணைக்குள் வரக்கூடாது, கோழிக்கு நோய் வரும். அதனால் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் பள்ளிக்கூடம் கூடியது. விடுதியில் சமையல் ஓய்ந்த நேரத்தில் நடபர் போனில் வருவான், பிள்ளைகள் குழி குழியாகப் படிக்கும், அவன் திருத்துவான். பிறகு அட்டையில் சொற்கள் போய்க் கதைகள் வந்தன, ஒரு குழிக்கு ஒரு வரி. கதையின் கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டு அனுப்புவான், அதைப் பிள்ளைகள் எழுதிச் சொல்ல வேண்டும். சஸ்மிதா சொல்லும் முடிவில் எப்போதும் கடல் தோற்றுப்போகும். அவனைப் பிள்ளைகள் மாமு என்றார்கள். தாய்மாமனுக்கு அவர்களிடம் அதுதான் பெயராம். நம்மிடம் கடன் வாங்கிய சொல் என்று காளியப்பன் அடித்துச் சொன்னான்.

கமலவேணியும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் புரியாது. ஆனால் சஸ்மிதாவின் விரல் ஒரு குழியில்கூட நிற்காமல் நகர்வதைப் பார்ப்பாள். கோயிலில் நிற்பதுபோல இருக்கும் அவளுக்கு. காலையில் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று படித்த அதே வாய், சாயங்காலம் இதையும் படிக்கிறது. ஒரு பிள்ளைக்குள் இரண்டு பள்ளிக்கூடம் எப்படி இடித்துக்கொள்ளாமல் நிற்கிறது என்று வியந்து மாளாது.

அடுத்த வெயில்காலத்தில் மனை கிடைத்துவிட்டது. பைதர் குடும்பம் சேலத்தில் ரயில் ஏறியது. கமலவேணியும் போயிருந்தாள். வழியில் தின்ன அவித்த முட்டை கட்டிக்கொடுத்தாள், வேறென்ன கொடுப்பாள்? வண்டி நகர்ந்ததும் சஸ்மிதா ஜன்னல் வழியாகக் கத்தினாள், "போயிட்டு வாரேனுங்க்கா." பக்கத்துப் பெட்டி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளையோ என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பெண்ணை எங்கே உட்காரவைத்தார்களோ என்று கமலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம், லோடு கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, ஆறாவதுலயே உக்கார வெச்சுட்டாங்க."

தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தைக் கொடுத்து நடுவில் எங்கேயோ பிரித்துப் படிக்கச் சொன்னாராம். நிறுத்தச் சொன்ன பிறகும் இவள் நிறுத்தவில்லையாம். கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் சத்தமாகச் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். பிறகு போனைத் திரும்பக் காதில் வைத்து, கண்ணு, இருக்கிறாயா என்று கேட்டாள்.

"இங்க தமிழு பேச ஆருமே இல்லீங்க்கா," என்றது அந்தக் குரல். "மறந்துருவனுங்களா?"

மறக்க மாட்டாய் என்று கமலவேணி சொல்லியிருக்கலாம். திருச்சூரில் கடல் இல்லை என்று ஒருமுறை பொய் சொன்னது போதும் என்று தோன்றியது. ஒரு வாரம் பொறு சாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் ஒரு புது அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பத்தாவது முடித்த பிறகு ஷெட் எண்ணைத் தவிர அவள் எதுவும் எழுதியதில்லை. குழிக்கு ஒன்றாகத் தமிழில் எழுதினாள். கேட்டு. புங்கமரம். முட்டை ரூமு. தீவன ஷெட்டு. சஸ்மிதா ஊடு. அதற்கு முன்னால், மறக்காமல், குனி இங்கேயும் ஒரு டப்பாவில் வளர்த்த துளசிச் செடி. பள்ளிக்கூடம் போகிற தார்ரோடு. பள்ளிக்கூடம். தூரத்தில் கொல்லிமலை. எந்தத் திசையும் பிசகிவிடக்கூடாது என்று இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். அடுத்த லோடில் அது நடபரிடம் போகும். அந்த வாரமே திருவிழாவுக்கு ஊர்ப் பக்கம் போகும்போது எடுத்துப்போய்க் கொடுப்பதாக அவன் போனில் சொல்லியிருந்தான்.

காளியப்பன் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தான். ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து அப்படி ஓர் அட்டை வந்து அவன் பார்த்ததில்லை.

"ஏன் வேணி, இத நெரப்பாம உட்டுட்ட? இங்க ஏது கடலு?"

"கடல் இல்லீங்க," என்றாள் கமலவேணி. "அந்தப் புள்ள திரும்பி வார வழி."

மேலே ஒரு வெற்று அட்டையைக் கவிழ்த்து அவளே கயிறு கட்டினாள்.